சிவப்பாகப் போகும் என்று நான் சொல்லவில்லை

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "உங்க சாதனை ஏதாவது ஒண்ணு எழுதுங்க சார். ரெண்டு பக்கத்துக்கு மேல போவாம பாத்துக்குங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராக முப்பது வருடத்துக்கு மேல் பெரம்பலூரிலும் அரியலூரிலும் சுற்றியவன் நான். சாதனை என்று யோசித்தால், ஒரு பெண் என் மேல் கொடுத்த மனுதான் நினைவுக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன். பக்கம் கூடினால் செயலாளர் பொறுத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது நோயாளிகள் மாத்திரை விழுங்குவதைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் பேசியபோது, "ஒருத்தர் இந்தப் படத்த யார் பாக்குறாங்க, எதுக்குப் பாக்குறாங்கன்னு கேக்குறார் சார். எங்கேர்ந்துதான் வர்றாங்களோ!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்ட மாட்டேன். பெரம்பலூரில் சேர்ந்தேன். சளி டப்பாவைக் கையில் கொடுத்து, எச்சில் வேண்டாம், நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்துத் துப்பு என்று நானே இருமிக் காட்ட வேண்டும். நோயாளிகளைவிட நான் நன்றாக இருமுவேன் என்பாள் என் மனைவி. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களைத் துரத்துவது பெரும்பாடு. இன்று இந்த வயல், நாளை எந்த ஊரோ. மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். அரியலூர் தனி மாவட்டம் ஆன பிறகு அங்கே மாற்றல் கிடைத்தது.

அப்போதைய சிகிச்சை முறையைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழு ஆறு மாத மருந்தும் ஒரே பெட்டியில், அவர் பெயரையும் எண்ணையும் எழுதி எடுத்து வைக்கப்படும். முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாள் என் கண் முன்னால் விழுங்க வேண்டும். அடுத்த நான்கு மாதம், வாரத்தில் ஒரு வேளை என் முன்னால், மற்ற இரண்டு வேளை வீட்டில். மாத்திரை தீர்ந்த காலி அட்டையைத் திருப்பித் தர வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சிகிச்சை அட்டையில் ஒரு டிக் போட வேண்டும். மாதம் ஒரு முறை எடை. என் அட்டைகளில் டிக் விழாத கட்டமே இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நானாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம் ஒன்று இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் ஒரு முந்திரி விவசாயி வீட்டுக்குத் துறை ஜீப்பில் போய் இறங்கினேன். ஜீப்பின் இரண்டு பக்கமும் நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அடுத்த வாரமே அவர் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்துபோனது. அந்த மனிதர் என்னைத் திட்டக்கூட இல்லை. "வேற வண்டி இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து யார் வீட்டுக்கும் நான் காசநோய்க்காரனாகப் போனதில்லை. டி.வி.எஸ்.ஸை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவேன். மாத்திரையை ஜவுளிக்கடைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். அக்கம்பக்கத்தார் கேட்டால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பேன். சில பேர் என்னிடம் பாலிசி போட வந்ததும் உண்டு, நானும் விவரமாக விளக்கியிருக்கிறேன். ரொம்ப நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

சகாயமேரி ஏலாக்குறிச்சி சாலையில் உள்ள ஒரு ஊர்க்காரர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாதம் ஒரு முறை வருவார். ஜென்சி என்று நாலு வயது மகள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பார். கோயில் திருவிழா சமயத்தில் வெளியூர்ப் பெண்களும் அவரைத் தேடி வந்து கொடுப்பார்கள். மூன்று வாரம் விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல். சளியில் கிருமி இருந்தது. மருந்து தொடங்கினோம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதற்கும் தடுப்பு மாத்திரை தர வேண்டும் என்பது விதி. ஜென்சிக்கும் கொடுத்தோம்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் ஜவுளிக்கடைப் பையோடு போவேன். "பாலிசி சார் வந்துட்டார்" என்பார். அடுப்படியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் விழுங்குவார். இரண்டு மாதத்தில் இருமல் போனது, எடை ஏறியது, சளியில் கிருமி இல்லை. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை போனேன். காலி அட்டைகளைச் சரியாகத் தருவார். இதைவிட ஒழுங்கான நோயாளி என்னிடம் அப்போது இல்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மாவட்ட அலுவலர் ஒரு லேடி டாக்டர். குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். தவறு செய்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இவருக்கு ஒரு டீ சொல்லுங்க" என்பார். அந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை மேஜை மேல் ஒரு கோப்பு மூடியே இருக்கும். அவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கோப்பைத் திறப்பார். "மேடம் டீ குடுத்தாங்களாமே?" என்று ஆபீசில் துக்கம் விசாரிப்பது போல விசாரிப்பார்கள். நாலாவது மாதக் கடைசியில் எனக்கும் ஒரு டீ வந்தது.

அன்று கோப்பில் இருந்தது ஒரு மனு. திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் சகாயமேரி நேரில் கொடுத்தது. அங்கே எண் போட்டு, ஒவ்வொரு மேஜையாக இறங்கி எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தது. எங்கள் கிளார்க், சம்பந்தப்பட்ட களப்பணியாளருக்கு உரிய நடவடிக்கைக்காக அனுப்பலாம் என்று குறிப்பு எழுதியிருந்தார். அதாவது, என் மேல் வந்த மனுவின் மேல் நானே நடவடிக்கை எடுக்க வேண்டும். மேடம் அந்தக் குறிப்பை அடித்திருந்தார்.

மனு ஒரு பக்கம்தான். எனக்கும் என் மகளுக்கும் எங்களுக்குத் தெரியாமல் ஏதாவது சோதனை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று தொடங்கி, கேள்விகளாகவே போனது. வருகிற அலுவலர் ஏன் வேறு வேலை என்று பொய் சொல்கிறார்? பெட்டியில் ஏன் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்? கூப்பிடும்போது பெயருக்குப் பதில் ஏன் எண்? காலி அட்டையை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள்? ஏன் மாதா மாதம் எடை பார்க்கிறார்கள்? நோயே இல்லாத என் பிள்ளைக்கு எதற்கு மாத்திரை? மாத்திரை போட்டால் சிறுநீர் ரத்தமாக ஏன் போகிறது? நிறுத்தினால் ஏன் சரியாகிறது? அடியில் எழுதியிருந்தது: இணைப்பு, மாத்திரைகள், பட்டன் டப்பா ஒன்று.

மேடம் அந்த டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். ஆறேழு வாரத்து மாத்திரைகள் இருந்தன. சில பளபளவென்று புதிதாக இருந்தன. சில எச்சில் பட்டு, நிறம் கரைந்து காய்ந்திருந்தன. அவை என் கண் முன்னால் விழுங்கியவை.

"வாயைத் திறந்து பாத்தீங்களா?"

"பொம்பளப் புள்ள மேடம். எப்படி நாக்கத் தூக்குன்னு... நான் செவுத்தப் பாத்துக்குவேன்."

"அது பொம்பளைன்னு கிருமிக்குத் தெரியுமா?"

"சிவப்பாப் போகும், பயப்படாதீங்கன்னு மொத நாளே சொல்லணுமே. சொன்னீங்களா?" என்று மேடமே அடுத்துக் கேட்டார். மாத்திரைகளோடு தரும் சிவப்பு கேப்ஸ்யூலின் சாயம் சிறுநீரில் இறங்கும், அதில் ஆபத்து ஒன்றுமில்லை. ஆண்களிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். பெண்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம். சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடுவேன். பிறகு நர்ஸைக் கேட்டேன். "அட்ட உங்ககிட்டதான சார் இருக்கு, நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் இருந்தேன்" என்றார். இத்தனை வருடத்தில் எத்தனை பெண்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துத் தனியாகப் பயந்தார்களோ, எனக்குத் தெரியாது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று வெட்கத்தை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் மேடம்" என்றேன்.

"சரி. இருட்டாக்குனது யாரு?" என்று கேட்டுவிட்டு மனுவின் நகலை என்னிடம் கொடுத்தார். "நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டதுன்னு ஒரு வரி எழுதிக் கோப்பை மூட மாட்டேன். அவங்க கேட்ட ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதிட்டுப் போங்க. தெரியாததத் தெரியாதுன்னு எழுதுங்க."

பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் ஏன் பெயர் எழுதுகிறோம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பெயர் எழுதினோம், எழுதச் சொன்னார்கள். மேடத்தின் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் டி.வி.எஸ்.ஸை நேராக அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளே இரண்டு பெண்கள் ரவிக்கைத் துணியோடு நின்றிருந்தார்கள். சகாயமேரி மிஷினை நிறுத்தவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார். இடையில் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலை நான் எங்கேயும் அடையாளம் சொல்வேன்.

"இவங்கள அனுப்பிட்டுப் பேசலாமாம்மா?"

"வேணாம் சார். அவங்க இருக்கட்டும். எதுன்னாலும் எல்லாரும் கேக்குறாப்புல சொல்லுங்க. தனியாப் பேசுறதெல்லாம் போதும்."

மிஷின் இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். அட்டை கிழிந்த மாத நாவல். வடிவம் வெட்டுவதற்காக எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டில் வந்ததாம். மலையடிவாரத்தில் ஒரு ஊர். இலவச மாத்திரை தருகிறார்கள். தருகிறவன் சோப்பு விற்பவன் போல வருகிறான். ஆளுக்கொரு எண். காலி அட்டையைத் திருப்பி வாங்குகிறார்கள். எடை பார்க்கிறார்கள், குழந்தைகளையும் விடுவதில்லை. சிறுநீர் சிவந்தால் மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அரசாங்கத்தில் யாரோ சிலர் ரகசியமாகச் செய்யும் மனோதத்துவச் சோதனை அது. என்ன சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்கிற மனிதர்களை உருவாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். கதாநாயகன் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி, ஒரு டப்பாவில் சாட்சிக்குச் சேர்த்து வைக்கிறான்.

நின்றபடியே பக்கங்களைப் புரட்டினேன். கதை என்று தள்ள முடியவில்லை. என்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. ஏன் என்று கேட்காமல் செய்கிறவன் என்று பார்த்தால், அந்த அறையில் நான் ஒருவன்தான்.

"கடைசி பக்கம் எங்கம்மா? முடிவு என்ன?"

"கை வடிவம் வெட்டிட்டன் சார். அவன் தப்பிச்சிருப்பான். மாத்திரையத்தான் திங்கலையே."

அந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டு போன தாளைப் பிரித்து, முதலில் நோயின் பெயரைச் சொன்னேன். டி.பி. அந்த வீட்டில் நான் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றுவிட்டது. இன்சூரன்ஸ் என்று பொய் சொன்னது ஊர் பேசக் கூடாது என்பதற்காக என்றேன். பெட்டியில் பெயர் எழுதுவது, பாதியில் மருந்து தீர்ந்துபோய் அவர் வெறும் கையோடு நிற்கக் கூடாது என்பதற்காக. பெயரை விட்டு எண்ணைச் சொல்வது, ஆபீசில் நாலு பேர் காதில் பெயர் விழாமல் இருக்க. எடைக்குத் தகுந்தபடி மருந்து, எடை ஏறினால் நோய் மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று அர்த்தம். காலி அட்டை, வீட்டில் போட வேண்டிய வேளைகள் தவறவில்லையா என்று எண்ணிப் பார்க்க. ஜென்சிக்கு நோய் இல்லை, அம்மாவிடமிருந்து வந்துவிடக் கூடாது என்றுதான் மாத்திரை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அதற்கு வந்தேன். சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"சிவப்பாப் போறது ரத்தமில்லம்மா. கேப்ஸ்யூல் சாயம். மொத நாளே சொல்லியிருக்கணும். எனக்குக் கூச்சம், சொல்லல."

மிஷின் நின்றது.

"இத மொதல்லயே சொன்னா வாயிலேர்ந்து முத்தா சார் உதிர்ந்துடும்? பாத்ரூம்ல நின்னு எத்தினி நாள் அழுதிருக்கன் தெரியுமா? கர்ப்பப்பைல என்னவோன்னு நெனச்சன். அவருகிட்டயும் சொல்லல, அம்மாகிட்டயும் சொல்லல. இந்தப் பொஸ்தகத்துலதான் சார் அதப் பத்தி ஒருத்தன் எழுதியிருந்தான். வேற யாரும் சொல்லலியே." சொல்லும்போதே அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

நின்றிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "எந்துணியக் குடுத்துடு மேரி, அவசரமில்ல" என்றாள். சகாயமேரி எழுந்து, மடித்து, கையில் கொடுத்தார். மற்றவள் போகவில்லை. அளவு ரவிக்கையை மேஜை மேல் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்றே சளி டப்பா கொடுத்தேன். கிருமி திரும்பியிருந்தது. பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பியதில், பழைய மாத்திரைக்கு இனி அது கட்டுப்படாது என்று முடிவு வந்தது. மேடம், "இது ஆரம்பத்துலேர்ந்தே இருந்திருக்கலாம். விட்டு விட்டுச் சாப்பிட்டதால வந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. ஆறுதலாக இல்லை. ஜென்சிக்கு நோய் தொற்றவில்லை என்பது ஒன்றுதான் அந்த மாதத்தில் நல்ல செய்தி.

புது சிகிச்சை இரண்டு வருடம். முதல் ஆறேழு மாதம் ஞாயிறு தவிர தினமும் ஊசி. இந்தத் தடவை எதையும் விடவில்லை. குமட்டும் என்றேன், மூட்டு வலிக்கும் என்றேன். ஊசியால் சில பேருக்குக் காது போகும், போனால் திரும்பாது என்றும் சொன்னேன்.

சகாயமேரி ஜென்சியின் தலையில் கை வைத்தார். "காது போனாலும் தைக்கலாம் சார். நான் போயிட்டா இவளுக்கு யாரு?" என்றார். பிறகு என் கையிலிருந்த சிகிச்சை அட்டையை வாங்கி, அதை எப்படி நிரப்புவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து நான் டிக் போடுவதை அவர் பார்ப்பார். மாத்திரையை விழுங்கியதும் நான் கேட்கும் முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்குவார். நானும் பார்ப்பேன்.

ஐந்தாவது மாதம் காதில் 'கொய்' என்று சத்தம் வருகிறது என்றார். சொன்ன அன்றே மேடத்திடம் ஓடினேன். ஊசியை நிறுத்தினார்கள். ஆனாலும் கேட்பது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஜென்சி பின்னால் நின்று கூப்பிடுவது கேட்கவில்லை. அப்புறம் மிஷின் சத்தம். நூல் அறுந்தது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. கணவர் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். சிமெண்ட் ஆலை லாரியில் வேலைக்குப் போனார். வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக மீதிப்பேர் பழகிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடவில்லை. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஜென்சி பள்ளிக்கூடம் போயிருந்தாள். எனக்கு மனதில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துவிட்டு, "என்ன சார் சொன்னீங்க?" என்றார்.

மறுபடி சொன்னேன். தலையை அசைத்து, அளவு எழுதும் நோட்டையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினார். 'மொத நாளே சொல்லியிருந்தா உங்களுக்கு இப்படி ஆயிருக்காது. மன்னிச்சுக்குங்க' என்று எழுதினேன்.

காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் உயரம் தெரியாது. அதைப் படித்துவிட்டு, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னார்.

"ஆமா சார். சொல்லியிருக்கணும்."

பக்கத்து வீட்டு வாசல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. ஆமாம் என்று அவருக்குத் தெரியும்படி தலையசைத்தேன்.